பதிமூன்று நாள் பொறுக்காத பக்தி

டிசம்பர் 12, வெள்ளி. அதிகாலை 4.30 மணிக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, எங்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் விழாக் குழு போட்ட வாணவேடிக்கை ஆர்டரின் நகல். குழுவுக்கு நான் செயலாளர். பதினோரு வருடமாக நான்தான். வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சிவகாசிக்கு ஏன் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்போம். மனசைக் கூட்டிப் பெருக்கி, வருகிறவருக்காகக் காத்திருக்க வேண்டிய காலம். சாமியார் ஊதா உடையில் வந்து, மனம் மாறுங்கள் என்று ஞாயிறுதோறும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறார். நாங்களும் ஆமென் போடுகிறோம். போட்டுவிட்டு, உபயதாரர் பலகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று முதல் வாரம் முழுக்கச் சண்டை போட்டோம். சண்டை ஓய்ந்த பிறகுதான் வெடிக்கே ஆர்டர் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பக்கத்துப் பங்குக் கோயிலில் போன வருடம் பன்னிரண்டு நிமிடம் வானத்தில் பூ விரிந்தது. எங்களுடையது ஒன்பதே நிமிடம். அந்த அவமானத்தில் எங்கள் தலைவருக்கு ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை. இந்த வருடம் பதினைந்து நிமிடம். போதாததற்கு, வருகிற ஞாயிறே ஒரு வெள்ளோட்டம். புதன்கிழமை நான்தான் கம்பெனிக்குப் போன் போட்டு, சனிக்கிழமை காலை வேன் வரும், லோடு தயாராக இருந்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். "போன்ல சொன்னா இழுத்தடிப்பாங்க, நேர்ல போய் உக்காருங்க" என்று தலைவர் என்னைக் கிளப்பிவிட்டார்.

6.15, மதுரை. திண்டுக்கல் பஸ் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். தெற்கே போகிற பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கும். ஒரே ஊருக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பயணியை விரட்டுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே டவுன் பஸ் பிடித்தேன். 8.20க்கு விருதுநகர். டீ 12 ரூபாய். கிளாஸ் சின்னது.

சிவகாசி 27 கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய். பக்கத்தில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஒருவர், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஆபீசில் வேலை பார்ப்பவர், நீட்டிய கடலை மிட்டாயை மறுத்தேன்.

"நீங்களும் விரதமா சாமி?"

"நாங்க கிறிஸ்தவங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் கறி, இனிப்பு தொடுறதில்ல."

"நல்லதுதான். எனக்குக் கறிய விடுறது பெருசாத் தெரியலை சாமி. கோவத்த விடுறதுதான் பெரும்பாடா இருக்கு. நாப்பத்தொரு நாளும் யாரையும் ஏலேன்னு கூடக் கூப்பிடக் கூடாதுன்னு நெனச்சேன். நேத்து மிஷின்காரனை ஏசிப்புட்டேன்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது. என் நோன்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது அல்லவா?

9.40, சிவகாசி. அங்கிருந்து நாரணாபுரம் தாண்டி கம்பெனிக்கு ஆட்டோ, 150 ரூபாய். கரிசல் காட்டுக்கு நடுவே ஒன்றுக்கொன்று எட்ட எட்டச் சின்னச் சின்ன அறைகள். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "எம்புட்டு வேலை ஆகியிருக்குன்னு நீங்களே வந்து பாருங்க" என்று போர்மேன், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைத் தாண்டி என்னை நடத்திக் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு. உள்ளே நுழைகிறவர் அதில் கை வைத்து, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டுமாம். நைலான் சேலை கூடாது, கொலுசு கூடாது. இங்கே உள்ளே போவதற்கே இத்தனை ஆயத்தம்.

எங்கள் ஆர்டர் ஓடிய அறையின் சுவரில் "ஆட்கள் 4" என்று சிவப்பில் எழுதியிருந்தது. வாசலில் நின்று எண்ணினேன். ஏழு பெண்கள். மருந்து அடைத்த உருண்டைகளுக்கு நடுவில், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொறி விழுந்தால் இருக்கிற ஒரு வாசலுக்கு ஏழு பேரும் எப்படி ஓடுவார்கள்?

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னய்யா அநியாயம் இது? நாலுன்னு எழுதிட்டு ஏழு பேரை அடைச்சு வச்சிருக்கீங்க? மனுச உசுருன்னா அவ்வளவு மலிவா?" என்று போர்மேனைப் பிடித்துக் கத்தினேன்.

உள்ளே இருந்து ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், பேச்சியம்மாள் என்று பெயர், கை வேலையை நிறுத்தாமல் கேட்டார்: "நாளைக்கு வேன் வருதுன்னு போன் போட்டது நீங்கதானங்க?"

"ஆமா."

"நாலு பேரு செஞ்சா இது ஒரு வாரத்து வேலை. மூணு நாளுல கேட்டீக. அதான் ஏழு பேரு. ஒங்க சாமி என்னைக்குப் பொறக்காரு?"

"இருபத்தஞ்சாம் தேதி."

"இன்னும் பதிமூணு நாளு கெடக்கே. பொறவு எதுக்கு நாளைக்கே வேணுங்கீக?"

பக்கத்துப் பங்கின் பன்னிரண்டு நிமிடத்தை அந்த அறைக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. கறியை விட்டேன், இனிப்பை விட்டேன். ஜம்பத்தை விட எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆர்டரையே வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றேன், பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரி.

"அது ஒங்களுக்குப் புண்ணியம், எங்களுக்குப் பட்டினி" என்றார் பேச்சியம்மாள். "ஆர்டரு இருக்கட்டும். நாளு மட்டும் கூட்டிக் குடுங்க."

11.05. கேட்டுக்கு நடந்து வந்து போனை வாங்கித் தலைவரைக் கூப்பிட்டேன். விவரம் சொன்னேன்.

"வெள்ளோட்டத்துக்கு நோட்டீஸ் அடிச்சாச்சு. ஏழு பேரை வச்சது அவங்க தப்பு. நாமளா போய் உக்கார வச்சோம்?"

"நாமதான் உக்கார வச்சோம். நான்தான் போன் பண்ணினேன்."

"இதெல்லாம் எல்லா வருசமும் நடக்குறதுதான். நாம பார்த்தமா?"

"நான் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஆர்டர் தாளில் 13 என்றிருந்த தேதியை அடித்து 22 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தலைவரு ஒத்துக்கிட்டாரா?" என்று போர்மேன் இழுத்தார். செயலாளர் ஒத்துக்கொண்டாயிற்று என்றேன். மூன்று பேர் வெளியே வந்து காலி அறைக்கு மாறும்வரை நகர மாட்டேன் என்று கேட்டருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது. மூவரும் முந்தானையை உதறிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பேன்.

இதனால் ஊர் திருந்திவிடும் என்று நான் நம்பவில்லை. நாளையே வேறொரு திருவிழா, வேறொரு கல்யாணம், வேறொரு கட்சிக்காரன் போன் போடுவான். மறுபடி ஏழு பேர் உட்காருவார்கள். சுவரில் நாலு என்று எழுதிவைத்து ஏழு பேரை அனுமதிக்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது தணிய வேண்டிய கோபமும் இல்லை. ஆனால் அவசரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கள் ஊரிலிருந்துதான் வருகிறது. காத்திருப்பதற்கென்றே நான்கு வாரம் ஒதுக்கி வைத்திருக்கிற எங்கள் கோயிலிலிருந்து.

பிற்பகல் 2.30, விருதுநகர். திண்டுக்கல்லுக்கு நேர் பஸ் கிடைத்தது. அதற்குள் குழுவின் வாட்ஸப்பில் எனக்கு அர்ச்சனை தொடங்கியிருந்தது: கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது, பங்கின் மானம் போச்சு, அடுத்த வருடம் வேறு செயலாளர். ஒருவர் மட்டும், இந்த வருடம் எத்தனை நிமிடம் என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. எழுத நினைத்தது வேறு. பதினோரு வருடமாக நான் போனிலேயே ஆர்டர் கொடுத்திருக்கிறேன். பதினோரு வருடமும் சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம்கூட, அந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.