சங்கம் கொடுத்த விலாசம்

வக்கீல்களுக்குச் சட்ட வகுப்பு நடத்தும் கம்பெனி ஆள் இன்று என் திண்டிவனம் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கோர்ட்டில் இருந்தேன்.

வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறார்: "ஒலக்கூர் காலனி வக்கீல் இங்கதானே இருக்காரு?"

காலனி என்றதும் வீட்டுக்காரருக்கு என் சாதி புரிந்துவிட்டது.

சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. சொந்தக்காரங்க வர்றாங்க, காலி பண்ணிடுங்க."

நேராக வக்கீல் சங்கச் செயலாளரிடம் போனேன். என்னைக் கேட்காமல் கம்பெனிக்கு வாடகை வீட்டு விலாசத்தோடு சொந்த ஊர் விலாசத்தையும் ஏன் கொடுத்தீர்கள் என்றேன்.

"எல்லாரோடதும்தான்பா குடுத்தோம். நீங்க படிச்சி முன்னேறத்தானே? இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு."

எல்லாரையுமா காலி செய்யச் சொன்னார்கள்?

ஊர் கேட்காமல் வீடு தருபவர் திண்டிவனத்தில் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். சங்கத்துக்குத் தெரிந்தால் கம்பெனிக்காரர் எனக்கு முன்னால் போய் நிற்பார்.