மாடத்தின் எதிர்ப்பக்கம் அழுத குழந்தை

பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தாய் கட்டடம் பார்க்கப் போகலாமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில், மதுரையில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் நான் புதிய ஆசிரியை. மாணவிகளை மூன்று வாரப் படிப்புப் பயணமாக லண்டனுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. மகளுக்கு அப்போது பதினோரு மாதம்.

"இதுதான் சாக்கு, பாலை மறக்கடிச்சிடலாம். பகல்ல டப்பா பால்தானே குடிக்கிறா," என்றார் கணவர்.

பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். லண்டனில் மல்லிகைக்கு எங்கே போவது? விமானத்தில் வழியெல்லாம் அதுதான் கவலை.

நாங்கள் தங்கியது தெற்கு லண்டனின் மோர்டனில், ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில். போன அன்றே பூ கிடைக்குமா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். தலைக்கோ, சாமிக்கோ?"

"ரெண்டுக்கும் இல்லக்கா," என்று விஷயத்தைச் சொன்னேன்.

"பிளேன்ல வாற பூவை நெஞ்சில கட்டப் போறீரோ? சரி, வாங்கித் தாறன்."

வெள்ளிக்கிழமை வரும்வரை குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினேன். ரயில் நிலையங்களின் இரும்புக் கூரைகளை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. ஒரு சந்தையில் வண்டிச் சக்கரம் அளவு பாலாடைக்கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"மேம், எருமைத் தொழுவத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு," என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். கடைக்காரர் நீட்டிய துண்டை நான் வாயில் போட்டேன். நாற்றம் போய், நெய் உருக்கிய சட்டியின் அடியில் தங்கும் கசண்டின் ருசி நாக்கில் நின்றது. மகளுக்குக் கசண்டு பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை பெரிய தேவாலயத்துக்குப் போனோம். அதன் வெளியே தெரியும் கூரை வேறு, உள்ளே தெரியும் குவிமாடம் வேறு, நடுவில் சுமை தாங்கும் செங்கல் கூம்பு ஒன்று என்று கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அன்றுதான் அடியில் நின்று பார்த்தேன். இவ்வளவு பெரிய வெறுமையை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், மனிதர்கள்தான் கட்டி மூடியிருக்கிறார்கள்.

மாடத்தின் உட்புறம் சுற்றி ஓடும் நடைபாதைக்கு ஏறினோம். அங்கே சுவரோடு பேசினால் எதிர்ப்பக்கம் கேட்கும். எதிரே போய் உட்கார்ந்த மாணவியின் குரல் என் காதருகே வந்தது: "மேம், பசிக்குது. பாடம் எடுத்துராதீங்க."

சிரித்து முடிப்பதற்குள் அதே காதில் ஒரு குழந்தை அழுதது. திரும்பினேன். பக்கத்தில் யாருமில்லை. அந்தக் கோடியில் ஒருவர் நெஞ்சோடு கட்டித் தூக்கி வந்த பிள்ளை அது. ஒலி வளைவைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் படிப்பு உடம்புக்கு உதவவில்லை. பால் சுரந்து சுடிதார் நனைந்தது. மேல்கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, சுவரில் உள்ளங்கையை வைத்தபடி அழுகை ஓயும்வரை நின்றேன். அந்தச் சுவரை விட்டு வர மனமில்லை.

மாலையில் பூ வந்திருந்தது.

"வேணாங்க்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நாளைக்குச் சுறாவை உதிர்த்து வறை செய்யிறன். பால் ஊறும்." பூவை மாணவிகள் பங்கு போட்டுத் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

மீதி நாளெல்லாம் பால் வற்றிவிடாமல் பீய்ச்சிக் காப்பாற்றினேன். ஊர் திரும்பி மடியில் போட்டபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் குடிக்கவே இல்லை. போகாமல் இருந்திருக்கலாமோ என்று நினைப்பேன். உடனே அந்த மாடம் கண்முன் வரும். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல வாய் வராது.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இப்போது மகனுக்கு எட்டு மாதம். கல்லூரியில் மறுபடியும் போகச் சொல்கிறார்கள். எனக்கும் போக ஆசைதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பால் கொடுக்கும் காலத்தில் வேலைக்காகத் தூரம் போய் வந்த தாய்மார்கள் இதைப் படித்தால், பிள்ளையை விட்டுப் போனீர்களா, கூட்டிப் போனீர்களா, திரும்பி வந்தபின் அது பால் குடித்ததா என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.