விக்கல் சாக்கில்

முக்கூடல் வேணிக்கு விக்கல் பிடித்தால் லேசில் விடாது. பீடி சுற்றுகிறவளுக்கு இது பெரிய ரோதனை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையில் தூளைப் போட்டு உருட்டும் நேரம் பார்த்து ஒரு விக்கல் தூக்கிப் போட்டால், தூளெல்லாம் தரையில். தண்ணீர் குடித்தாள், சீனியை வாயில் அள்ளிப் போட்டாள், ஒன்றும் வேலைக்காகவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். பீடியில் கட்டிய நூலின் நுனியை மட்டும் பார்ப்பாள். மூச்சைப் பைய இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, அதைவிடப் பைய விடுவாள். கொஞ்ச நேரத்தில் விக்கல் அடங்கிவிடும். அதுவரை பக்கத்தில் இடி விழுந்தாலும் அவள் காதில் ஏறாது. கூட இருந்து சுற்றும் பெண்கள் அவளைச் சாமியாரம்மா என்று கேலி பேசுவார்கள்.

ஊரில் விக்கலுக்கு வேறு வைத்தியம். விக்குகிறவர் மேல் திடீரென்று ஒரு திருட்டுப் பழியைப் போடுவார்கள். செய்யாத குற்றத்தைக் கேட்டு ஆள் திடுக்கிட்டால் விக்கல் ஓடிப்போகும். எல்லோரும் சிரிப்பார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பீயும் மூத்திரமும் அள்ளியவள் வேணி. கிழவி கண்ணை மூடியதும், பெட்டியிலிருந்த அவளுடைய காதுப் பாம்படத்தைக் காணவில்லை. அந்தத் தங்கத்தை வேணி தொட்டதுகூடக் கிடையாது. ஆட்டோ ஓட்டும் புருஷன் கருத்தையாவும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனுஷனுக்கு என்னைத் தெரியும் என்று நிமிர்ந்து நடந்தாள், பாவி மக.

பதினாறாம் நாள் பந்தியில் சொந்தபந்தம் சூழ உட்கார்ந்திருந்தபோது விக்கல் பிடித்தது. இலையில் ஒரு பருக்கையைப் பார்த்தபடி மூச்சை இழுத்தாள். அந்நேரம் கருத்தையாவின் அக்கா குனிந்து, "ஏட்டி வேணி, எங்கம்மா பாம்படத்த நீதான எடுத்தே?" என்று கேட்டாள். ஏதோ சத்தம் என்றுதான் வேணிக்குப் பட்டது. மூச்சை விட்டு முடித்தாள், விக்கல் நின்றது, சோற்றைப் பிசைந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. திருட்டுப் பழி போட்டும் முகம் துளி மாறவில்லையே, எடுக்காதவள் என்றால் பதறியிருக்க மாட்டாளா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. நல்லா இருக்கு நியாயம்! மூச்சை ஒழுங்காக விட்டது குற்றமாகிவிட்டது. கூடப் பீடி சுற்றுகிறவள் ஒருத்தி வந்து சொல்லித்தான் வேணிக்கே விஷயம் தெரிந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நேரே புருஷனிடம் போனாள். மூச்சைப் பிடித்திருக்கும்போது எனக்கு எதுவும் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியுமே, உங்கள் ஆட்களிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள் என்றாள்.

கருத்தையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்காட்ட நாந்தான் கேக்கச் சொன்னேன். நேருக்கு நேரா கேட்டா நீ சமாளிச்சிருவே. விக்கும்போது கேட்டா மொகம் காட்டிக் குடுத்துரும்லா."

ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவன், அவள் விக்கலுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

"என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த நீங்க கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லிருப்பேன்" என்றாள். "இனிமே கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் கருத்தையா கேட்டான், எடுத்தாயா இல்லையா என்று. வேணி சுளகை மடியில் வைத்து அடுத்த இலையை எடுத்தாள்.