சுண்ணாம்பில் வெந்த சோளம்

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். இன்று மகள் கடையில் வாங்கிய சோள டோர்ட்டியா ரொட்டிகளைக் கல்லில் சூடாக்கினாள். நனைந்த சுவரும் வறுத்த சோளமும் கலந்ததுபோன்ற அந்த மணம் என்னை எட்டு வயதுப் பிள்ளையாக்கி, டென்மார்க்கின் எஸ்பியர்க் அகதி முகாமின் பொதுச் சமையலறையில் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அந்த இடத்தில் கார்கள்தான் நிற்கின்றன.

எந்நேரமும் ஆவி படிந்த ஜன்னல்கள், ஆறு அடுப்பு, ஆறு நாட்டுத் தாளிதம், சட்டி மாறிப்போன சண்டைகள். அதற்கு நடுவே குவாத்தமாலாவிலிருந்து வந்த மார்த்தா அன்று அழுதுகொண்டு நின்றாள். மறுநாள் கணவனின் திவசம். ரொட்டி சுட வேண்டும். ஆனால் அவித்த சோளத்தின் தோல் கழலவில்லை, அரைத்தால் மா ஒட்டாது. சுவரின் வெள்ளையைச் சுரண்டிக் காட்டினாள்.

"சுண்ணாம்பு கேக்கிறாள்," என்று அம்மா, ஆரத்திக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புத் தகரப் பேணியை எடுத்தார்.

"உமக்கென்ன விசரே? சோளத்துக்குள்ள போட்டால் வயிறு வெந்திடுமெல்லே!" என்றார் அப்பா.

மார்த்தா அரைகுறை டேனிஷில் சொன்னதை நான்தான் தமிழாக்கினேன்: "தங்களைக் கடவுள் சோள மாவிலதான் பிசைஞ்சவராம். அவையின்ர ஊரில எப்பவும் சுண்ணாம்பு போட்டுத்தான் அவிக்கிறவையாம்."

"கடவுள் பிசைஞ்ச மாவோ? பிறகென்ன, நீங்கள் சும்மா இருங்கோ," என்று அம்மா பேணியை முழுசாய் அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் மார்த்தா முதல் ரொட்டியைக் கணவனின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முன்பின் அறியாத அந்த மனிதருக்குக் கைகூப்பி நின்றார்.