எகிப்து அறையில் வைத்த சோறு

1. யார் சாப்பிட்டது?

"அந்த அறையிலை ஆர் இருந்து சாப்பிட்டது?" என்று எங்கள் மேலாளர் பேரித் என்ற நோர்வே அம்மா கேட்டார்.

ஒஸ்லோ அருங்காட்சியகத்தின் ஓய்வறையில் துப்புரவு வேலைக்காரர் ஏழு பேரும் நின்றோம். பேரித்தின் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் காய்ந்த சோறும் எள்ளும் இரண்டு பூச்சியும். பேச்செல்லாம் நொஸ்க் என்கிற நோர்வே மொழியில்தான் நடந்தது. நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

எகிப்து அறையில் ஒரு மம்மி இருக்கிறது. அதன் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே உள்ள பீடத்தின் பின்னால் அந்தச் சோறு கிடந்ததாம். பூச்சி பிடிக்க வைக்கிற ஒட்டு அட்டையில் பூச்சி பட்டதால் தேடியிருக்கிறார்கள்.

"சோத்துக்கு வாற பூச்சி பிறகு மம்மியின்ரை துணியைத் தின்னும். மூவாயிரம் வருசத்துத் துணி. விளங்குதோ?"

பேரித் அமினாவைப் பார்த்தார். அமினா சோமாலியாக்காரி. அந்தத் தளம் எனக்கும் அவளுக்கும் முறை மாறி வரும். முன்பு ஒருமுறை அலுவலக மாடியில் பேரீச்சம்பழம் தின்று பேச்சு வாங்கியவள்.

"எனக்கு நோன்பு. தண்ணியே குடிக்கிறேல்லை, சோறு எங்கை தின்னுறது?" என்றாள் அமினா.

"விடியமுன்னம் சாப்பிடலாம்தானே. நீ வேலைக்கு வாறதும் விடியமுன்னம்தானே." பேரித் பையை மேசையில் வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ளை உண்மையைச் சொல்லு. இல்லாட்டி உன்னை இஞ்சை வைச்சிருக்க ஏலாது."

சோற்றை வைத்தது நான். மொப்பைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2. ஏன் வைத்தேன்

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் கழிந்து நடந்தது. அப்போது நான் அங்கே எட்டு வருஷம் வேலை செய்துவிட்டேன். நகர ஓரத்து வெஸ்ட்லியில் இருந்து முதல் ரயிலில் போவேன். ஒருநாளும் பிந்தியதில்லை. என் வேலையில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. கண்ணாடி துடைத்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது.

எகிப்து அறையைத் துடைத்த நாட்களில் மட்டும், வீட்டுக்கு வந்ததும் முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குள் போவேன். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் செய்கிறதுதானே.

தர்சினி என்று ஒரு பிள்ளை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்கிறவள். இங்கே பிறந்து குரோருட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளை. ஒருநாள் மம்மியைக் காட்டி அவளிடம் கேட்டேன்.

"இந்த மனுசி ஆர் பிள்ளை?"

"கோயில்லை பாட்டுப் பாடினவ, அன்ரி. இவைக்குச் செத்தாப் பிறகும் சாப்பாடு வேணும். பிள்ளையள் வந்து பாணும் பியரும் வைப்பினம்."

"பியரோ!"

"யா, பியர்தான்."

"இப்ப ஆர் வைக்கிறது?"

"ஆர் இருக்கினம்? இவ ஒஸ்லோவிலை எல்லோ கிடக்கிறா." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு என் மனிசனின் திவசம். சமைத்துப் படைத்தேன், பால்கனியில் காகத்துக்கும் வைத்தேன். எள்ளுப் போட்ட சோற்றில் ஒரு பிடியைத் தனியாக எடுத்துத் திங்கள் காலை கொண்டுபோய் அந்த மனுசியின் பீடத்தடியில் வைத்தேன். வேலை முடிய எடுக்க நினைத்தேன். அதற்குள் விளக்குத் திருத்துகிறவர்கள் அறையைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த நாட்கள் என் முறை கீழ்த்தளம். பிறகு மறந்தும் போனேன், உள்ளதைச் சொல்ல வேண்டும்.

3. தராசு

வியாழக்கிழமை உடுப்பு மாற்றுகிற அறையில் அமினா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அழுதாள். "அழாதை, கடவுள் பார்ப்பார்" என்றேன். சொன்ன வாய்க்கே வெட்கமாக இருந்தது.

மேலே போனேன். மம்மி கிடக்கிற மரப்பெட்டியில் ஒரு தராசுப் படம் கீறியிருக்கும். எட்டு வருஷமாகக் கண்ணாடி துடைக்கும்போது பார்த்த படம். தர்சினி நின்றாள்.

"இதென்ன பிள்ளை, கடையோ?"

"இல்லை அன்ரி, விசாரணை. செத்தவரின்ரை இதயத்தை ஒரு தட்டிலை வைப்பினம். மற்றத் தட்டிலை ஒரு இறகு. அந்த இறகுதான் மாஅத். உண்மை, நீதி, ஒழுங்கு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சொல்லு. ஏன் பிறந்தனீ எண்டு இவையைக் கேட்டா, மாஅத்தின்படி நடக்கத்தான் எண்டு சொல்லுவினம். ராசாவுக்கும் அதுதான், மாடு மேய்க்கிறவனுக்கும் அதுதான்."

"அங்கை நிண்டு என்ன கதைக்கிறது?"

"நான் களவெடுக்கேல்லை, பொய் சொல்லேல்லை, ஒருத்தரையும் அழவைக்கேல்லை… இப்பிடி நாப்பத்திரண்டு இருக்கு."

"பொய்யாச் சொன்னா?"

"இதயமே எதிர்ச்சாட்சி சொல்லிப்போடும். அதுக்குத்தான் பக்கத்திலை இருக்கிற இந்தக் கல்லாலை செய்த வண்டு. எனக்கு எதிராக் கதைக்காதை எண்டு எழுதி நெஞ்சிலை வைச்சுக் கட்டுவினம்."

"அப்ப அவையும் ஏமாத்தத்தான் பாத்திருக்கினம்."

"ஓம் அன்ரி, பயம்தானே!"

அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். என்னிடமும் ஒரு கல்லு இருந்தது. எட்டு வருஷம் குறை கேளாதவள் என்ற பெயர். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக வாயை மூடியிருந்தேன்.

4. சொன்னேன்

பேரித்தின் கதவைத் தட்டினேன். "சோறு நான் வைச்சனான்."

"நீயோ? ஏன்?"

"அந்த மனுசிக்குப் பசிக்கும்."

"அவ செத்து மூவாயிரம் வருசம்!"

"ஓம். அவ்வளவு நாளாப் பட்டினி."

பேரித்துக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலை போகாது. ஆனா அந்த அறைக்கு இனி உன்னை விட ஏலாது. படியும் கழிவறையும் உனக்கு. அமினாவுக்கு நான் சொல்லுறன்."

நானும் அமினாவிடம் போனேன். "குறை நினையாதை" என்றேன்.

அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பேரித் என்னை எல்லாருக்கும் முன்னாலை வைச்சுக் கேட்டவ. நீ கதவைச் சாத்திப்போட்டுச் சொல்லிப்போட்டு வாறாய்."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. வயதில் மூத்தவள், வலிய வந்து மன்னிப்புக் கேட்கிறேன், இன்னும் என்ன வேண்டும் இவளுக்கு என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். விடியும்போது அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் ஓய்வறையில் கோப்பி குடிக்கும்போது எழும்பி நின்றேன். என் நொஸ்க் உடைந்த நொஸ்க். "சோறு என்னுடையது. அமினா தொடவில்லை. அவள் மேல் பழி வந்தபோது நான் பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தேன்" என்று சொல்லி முடித்தேன்.

அமினா சிரிக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்தாள். நான் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் பிழையால் இன்னொருவர் மேல் பழி விழுந்தால், அது எந்த ஆட்களுக்கு முன்னால் விழுந்ததோ அவர்களுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது பாதிதான். மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு ஒரு இரவு பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.