குடை பிடித்தவரின் அனுமதி

தொண்ணூறுகளின் கடைசியில், கோலாலம்பூருக்குத் தெற்கே ராசா என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு இணையம் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு வரும். யாராவது அந்த நேரம் போன் போட்டால் அறுந்துபோகும். அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து தோட்டங்களுக்கென்று ஒரு களஞ்சியம் எழுத ஆரம்பித்தோம். யார் எந்தத் தோட்டத்தில் பிறந்தாரோ அவர் அதைப் பற்றி எழுத வேண்டும், மற்றவர்கள் திருத்த வேண்டும், சிங்கப்பூரில் இருந்த ஒருவர் அதைப் பக்கமாக்கி வலையில் ஏற்றுவார். ஐவரில் மூன்று பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் மின்னஞ்சலில் தினமும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

என் பங்குக்கு விழுந்தது லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டம். அப்பா அங்கே கிராணி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது, ஆபீஸ் கணக்கு, சம்பளம் போடுவது எல்லாம் அவர் கையில். துரை பங்களாவுக்குள் இருப்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களின் கண்ணுக்குத் தெரிந்த துரை அப்பாதான்.

சிங்கப்பூர்க்காரர் படங்கள் விஷயத்தில் மகா கறார். எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரிடமும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு ஒரு படிவமும் தயாரித்து அனுப்பினார். “நம் ஜனங்களிடம் இதை நீட்டினால் சிரிப்பார்கள்” என்று எழுதினேன். “சிரிக்கட்டும், சிரித்து முடித்ததும் கையெழுத்து வாங்கி வாருங்கள்” என்று பதில் வந்தது.

நான் போட விரும்பியது ஒரே ஒரு படம். எழுபதுகளில் பெரட்டுக் களத்தில் எடுத்தது. அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, சட்டைப் பையில் இரண்டு பேனா என்று அப்பா நிற்கிறார். சிரிக்கிறார். அப்பா படத்துக்குச் சிரிக்கிற ஆளே இல்லை. வீட்டில் இருக்கும் மற்ற படங்களில் எல்லாம் அடையாள அட்டை முகம்தான். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு இருந்தது இந்த ஒரு படத்தில் மட்டும். பக்கத்தில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதில் நான், கவுனும் ரிப்பனுமாக. எங்கள் இருவர் தலைக்கும் மேலே ஒரு கறுப்புக் குடை. அதைப் பிடித்தபடி பின்னால் ஒருவர் நிற்கிறார். குடை முழுக்க எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். காலையில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு, மத்தியானத்தில் ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்தவர். அந்தப் படத்தை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட என் கண் குடையைத் தாண்டிப் பின்னால் போனதில்லை.

முதலில் படம் எடுத்தவரைத் தேடிப் போனேன். லுக்குட் கடைத்தெருவில் மோட்டார் பட்டறையை ஒட்டி அவருடைய ஸ்டுடியோ அப்போதும் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிங்கப்பூர்க்காரரிடம் நான் சொன்னபடியே சிரித்தார்.

“நான் எடுத்த படத்துக்கு எங்கிட்டயே பெர்மிஷனா? இத்தன வருசத்துல இப்பிடி வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான்லா.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஞாபகம் இருக்கு. கொடை புடிச்சவர கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னேன், படத்துல குறுக்க நிக்கிறாருன்னு. ஐயாதான் விடல. ‘இருக்கட்டும்பா, பாப்பா மேல வெயிலடிக்கும்’னாரு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு என் மேல் அவ்வளவு பிரியமா என்று கண்கூடக் கலங்கியது. அப்போது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

குடை பிடித்தவரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தோட்டம் விற்றுப்போய் லயத்தை இடித்த பிறகு அவர் லுக்குட்டிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் மகள் வீட்டில் இருந்தார். மகள் என்னைவிட நாலைந்து வயது இளையவள்; தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை.

உள்ளே அவர் விருட்டென்று எழுந்தார். “வாங்க பாப்பா, வாங்க, வாங்க” என்று தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் தட்டினார். நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. “நீங்களும் உக்காருங்க” என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறேன் என்று. சின்ன வயதில் அவரை நான் வா, போ என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் எல்லோருமே அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயில் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். “ஐயா எப்பிடிச் சிரிக்கிறாரு பாருங்க! பாப்பாவுக்கு இந்தக் கவுனு கோலாலம்பூர்லேந்து வந்துச்சு.” கவுனைக்கூட ஞாபகம் வைத்திருந்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் மகள் கைக்குப் போனது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

படிவத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். “கீழே உள்ள புகைப்படத்தை” என்பதற்கு மேல் போகவில்லை, அவர் இடது கட்டைவிரலை நீட்டிவிட்டார். நானும் கைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தேன். ஆமாம், மைப்பெட்டியோடுதான் போயிருந்தேன். அவருக்கு எழுதத் தெரியாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

“அப்பா சைன் போடுவாருலா” என்றாள் மகள். “கோயில் கிளாஸ்ல போய்க் கத்துக்கிட்டாரு. பேங்க்லகூட சைன்தான் போடுறாரு.”

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “அதெல்லாம் வெளிய. ஐயா வீட்டுக்கு இதுதான் வழக்கம்” என்று சொல்லி, விரலை மையில் உருட்டி, படிவத்தில் அழுத்தமாக வைத்தார். சம்பள நாளில் அப்பா மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று வைத்த அதே விரல். பெயர் எழுதும் இடத்தை நானே நிரப்பினேன். எங்கள் வீட்டில் கூப்பிட்ட பாதிப் பெயரைத்தான் எழுதினேன். முழுப்பெயர் என்ன என்று கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது மகள் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, நீங்க வந்து கேட்டா எங்கப்பா கிட்னியக்கூடக் கழட்டிக் குடுப்பாரு. இதுக்குப் பேரு பெர்மிஷனா?”

“நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலியே.”

“நீங்க எதுக்குக் கட்டாயப்படுத்தணும்? வந்து நின்னாலே போதும்லா. எம் பிள்ளைங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் படிக்குதுங்க. தாத்தா மட்டும் எதுக்கு வெயில்ல நிக்கிறாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது, அதையும் நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. லுக்குட்டிலிருந்து ராசா வரை காரில் தனியாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அப்பா யாரையாவது கை நீட்டி அடித்திருக்கிறாரா? அவள் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தபோது துரையிடம் நின்று லாரி வாங்கிக் கொடுத்தது யார்? லயத்து ஜனங்களுக்கு ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தது யார்? வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்கு ஒரு சிலையே வைத்துவிட்டேன். மறுநாளே படத்தையும் இரண்டு படிவங்களையும் ஸ்கேன் செய்து சிங்கப்பூருக்கு அனுப்பினேன். “இவ்வளவு ஒழுங்காக யாரும் அனுப்பவில்லை” என்று அவர் பாராட்டிப் பதில் போட்டார்.

படம் ஏறியது. ‘தோட்டத்துக் கிராணி, தம் மகளுடன்’ என்று கீழே நான் எழுதிய வரி.

சில நாட்களில் ஒரு வாசகரிடமிருந்து திருத்தம் வந்தது. யாரென்று தெரியாத ஆள். ‘படத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றாமவர் யார்? விவரம் சேர்க்கவும்’ என்று கேட்டிருந்தார். சேர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதிப் பெயரை எழுதிப் பார்த்தேன், நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ‘ஊழியர்’ என்று எழுதினேன், அழித்தேன். ‘குடை பிடிப்பவர்’ என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. பாப்பா மேல் வெயில் அடிக்கும் என்று அப்பா சொன்னது அப்போதுதான் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அப்பாவுக்காக இல்லை, எனக்காக அந்த மனிதர் வெயிலில் நின்றிருக்கிறார். முப்பது வயது தாண்டியும் அந்த நிழலிலேயே நின்றுகொண்டு அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

சிங்கப்பூர்க்காரரிடம் இந்தச் சங்கடத்தைச் சொன்னேன். “பிரச்சினையே இல்லை, அவரை வெட்டிவிடுவோம், அப்பாவும் மகளும் போதும்” என்று உடனே வெட்டி அனுப்பினார். பார்த்தேன். எப்படி வெட்டினாலும் குடைக் கம்பும் அதைப் பிடித்த விரல்களும் படத்துக்குள்ளேயே இருந்தன. இன்னும் நெருக்கி வெட்டினால் அப்பாவின் நெற்றி போனது.

ஆகவே திரும்பவும் லுக்குட்டுக்குப் போனேன். இந்த முறை ஒழுங்காகக் கேட்க வேண்டும், அவர் மறுப்பதற்கு இடம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். மைப்பெட்டியை எடுத்துப் போகவில்லை. மகள் வீட்டில்தான் இருந்தாள். சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவர் எழுந்து நின்றார். இந்தத் தடவை நானும் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றோம்.

“ஐயா” என்று ஆரம்பித்தேன்.

“அப்பிடிக் கூப்பிடாதீங்க பாப்பா, ஒடம்பு கூசுது.”

அதோடு நான் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் பறந்துவிட்டன. “அந்தப் படத்த எல்லாரும் பாக்குறாங்க. நீங்க கொடை புடிச்சிக்கிட்டு நிக்கிறத. அது உங்களுக்குச் சம்மதமான்னு அன்னிக்கு நான் சரியாக் கேக்கல. இப்பக் கேக்குறேன்.”

“உங்களுக்கு எப்பிடி வேணுமோ அப்பிடிச் செய்ங்க பாப்பா.”

“எனக்கு இல்ல. உங்களுக்கு எப்பிடி வேணும்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. மறுபடி என் முகத்தைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்குப் பால் வெட்டு இருக்குமா என்று கணிக்கிற பார்வை அது. எனக்கு என்ன வேண்டும் என்று என் முகத்தில் தேடுகிறார்.

“படம் இருக்கட்டும் பாப்பா. ஐயா அழகா இருக்காரு.”

“ஐயாவ விடுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். நான் கோவிச்சிக்க மாட்டேன்.”

“வேணாம்னு சொல்லணுங்களா பாப்பா?”

“அப்பிடிச் சொல்லல. உங்க இஷ்டம்னு சொல்றேன்.”

“எனக்கென்ன இஷ்டம் இருக்கு இதுல.”

ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்க முடியாத ஆத்திரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஒண்ணு வேணும்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க!” என்றேன். அது என் குரல் இல்லை. பெரட்டுக் களத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று அப்பா எழுப்புகிற குரல்.

அவர் கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார்.

“வேணாம் பாப்பா” என்றார். உடனே முகத்தைச் சற்று முன்னால் நீட்டி, மெதுவாகக் கேட்டார். “சரியாச் சொல்லிட்டனா?”

சமையலறை வாசலில் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன். விரல் ரேகை நன்றாகப் பதிந்ததும் அப்பா அப்படித்தான் ஆட்டுவார். எதிரில் நின்றவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தேத்தண்ணி கலக்குடி பாப்பாவுக்கு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அன்றே படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். காரணம் கேட்ட சிங்கப்பூர்க்காரருக்கு, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி போட்டேன். அவருக்குத் திருப்தி. விதி அப்படியே காப்பாற்றப்பட்டது. குடை பிடித்தவர் சொன்ன ‘வேணாம்’ அவருடையதா, என் குரலுக்குப் பயந்து சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேறு யாரையாவது அனுப்பியிருக்க வேண்டும், கேட்டது நான்.