சீல் குத்திய அறிவித்தல்

பிள்ளைகள், அந்த மாரி மழைக்காலத்தில் நான் எவ்வளவு பயந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் விவசாயச் சங்கத்தின் இணையப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. குளம் நிறைந்தால் வான்கதவு திறப்பது, உரம் வருவது எல்லாம் அதில் போடுவேன். உங்கள் அக்கா அதற்கு ஒரு 'ஃபீட்' சேர்த்துத் தந்தாள். புதிதாகப் போடுவது ஒரு பட்டியலாக வெளியே போகும்; ஆட்களின் போனில் உள்ள மென்பொருள் அதைத் தானாக எடுத்து வாசித்துச் சொல்லும். கண்ணில் பூ விழுந்த உங்கள் மாமாவுக்காகத்தான் முக்கியமாகச் செய்தாள். அவர் ஆற்றுக்கு அப்பால், வயல்வட்டை முடிகிற பள்ளத்தில் மாடுகளோடு கிடப்பவர்.

"அப்பா, கடதாசியப் படமெடுத்துப் போடாதீங்க. எழுத்தா அடிங்க. அதுக்குப் படம் விளங்காது," என்றாள்.

"சீல் குத்தாத அறிவித்தல ஆரு புள்ள நம்புவான்?" என்று சிரித்தேன்.

அன்று விடாத மழை. பின்னேரம் நான்கு மணிக்கு வான்கதவு திறப்பதாக மத்தியானம் சொன்னார்கள். திறந்தால் ஆறு பெருகிப் பள்ளம் மூழ்கும். சங்கக் கடதாசியில் கையால் எழுதி, சீல் குத்தி, படமெடுத்துப் போட்டேன். தலைப்பு 'அறிவித்தல்'. மாமாவுக்குப் போன் எடுக்கவில்லை. அதுதான் மெஷின் சொல்லுமே.

மூன்று மணிக்கு, பிழை ஏதும் விட்டேனோ என்று மனம் கேளாமல், என் போனை வாசிக்கச் சொன்னேன்.

"அறிவித்தல்," என்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அழுத்தினேன். "அறிவித்தல்."

படம் அதற்கு விளங்கவில்லை. மாமாவுக்கு எடுத்தேன், மணியே போகவில்லை.

"ஆருக்கு எடுக்கிறீங்க?" என்று அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா கேட்டார். உன் தம்பி பள்ளத்தில் நிற்கிறான் என்று எப்படிச் சொல்வேன்? "சங்கத்துக்கு," என்றேன். விசயத்தை எழுத்தாக அடித்துப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அக்கரையில் மழை மட்டும்தான் தெரிந்தது. விடாமல் கத்தினேன். வெகு நேரத்துக்குப் பிறகு மாடுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. கடைசி எருமையின் வாலைப் பிடித்தபடி மாமா வந்தார்.

"அத்தான், உங்களப் போலதான் உங்கட மெஷினும். தலைப்பச் சொல்லிப்போட்டு விசயத்த விழுங்கிற்று! நீங்க சும்மா அறிவித்தல் போடுற ஆளில்ல, மழையும் விட்டபாடில்ல. அப்பவே வெளிக்கிட்டன். மாடு சேர்க்கத்தான் நேரம் போயிற்று."

அவர் சிரித்தார். நாங்கள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே திறந்துவிட்ட தண்ணீர் ஏறி, தாம்போதி ஓரத்துக் கட்டைகள் ஒன்றும் தெரியாமல் போயின.

இப்போதெல்லாம் முதலில் எழுத்தாக அடிக்கிறேன். சீல் பிறகுதான். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, மாமா கேட்பதுபோல, என் போனில் முழுவதையும் கேட்பேன். 'அறிவித்தல்' என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அது ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் இன்றைக்கும் எனக்கு அக்கரையின் மழை மட்டும்தான் தெரியும்.